300 வருஷம் கழித்து யார் பேர் நிற்கும்?

கேள்வி: நான் இளையராஜா பைத்தியம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ரஹ்மான் கட்சி. போன வாரம் சாப்பிடும்போது பேச்சு முற்றிப்போய், "300 வருஷம் கழிச்சு உங்க ஆள் பேர் யாருக்குப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். நானும் பதிலுக்கு ரஹ்மானை ஏதோ சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. உண்மையிலேயே யார் நிலைப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மகள் கேட்டது நல்ல கேள்வி, அதற்குக் கோபப்பட்டிருக்க வேண்டாம்.

நீங்கள் தஞ்சாவூர் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான், கூடக் கொட்டு வாசிக்க இரண்டு பேர், எல்லார் பெயரையும் கல்லில் வெட்டியும் வைத்தான். ஆயிரம் வருஷமாகக் கல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பெயராவது ஊரில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பாடிய அப்பரையும் சம்பந்தரையும் சுந்தரரையும் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் ஓதுவார்கள் இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் காலத்திலும் இதுதான் நடக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் நடித்துப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அன்று இருந்த மவுசு பிறகு எந்தப் பாடகருக்கும் வந்ததில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் மகளின் தோழிகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? 80 வருஷம்தான் ஆகிறது, குரல் யூடியூபில் இருக்கிறது, இருந்தும் இந்த நிலைமை. அதே படத்துக்குப் பாட்டு எழுதிய பாபநாசம் சிவனைப் பாருங்கள். 1973இல் காலமானார், 'என்ன தவம் செய்தனை' இன்றைக்கும் பாட்டு வகுப்பில் குழந்தைகள் வாயில் இருக்கிறது. எனவே குரல் பதிவாகிவிட்டால் போதும் என்று நம்ப முடியவில்லை. அடுத்தவர் வாயில் ஏற வேண்டும், யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பக்கத்துத் திருவையாற்றில் 1847இல் மறைந்த தியாகராஜருக்கு ரெக்கார்டு ஏது? வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் மாதிரிச் சீடர்கள் எழுதி வைத்தார்கள், பாடம் சொன்னார்கள், அவர்களுடைய சீடர்களும் சொன்னார்கள். ஜெர்மனியில் இசையமைப்பாளர் பாக் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். தேவாலய இசைப் பொறுப்புக்கு 1722இல் லைப்சிக் நகர சபை முதலில் தேர்ந்தெடுத்தது டெலிமான் என்ற இசையமைப்பாளரை, அவர் வரவில்லை, அடுத்தவருக்கு முதலாளி அனுமதி தரவில்லை, அதற்குப் பிறகுதான் 1723இல் பாக்குக்கு அந்த வேலை கிடைத்தது. 1750இல் அவர் இறந்த பின் பெரிய படைப்புகள் பலவற்றை மேடையில் யாரும் தொடவில்லை, மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் விரல் பழகுவதற்கு அவருடைய கீபோர்டு பாடங்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். 1829இல் 20 வயது இசையமைப்பாளர் மெண்டல்சோன் பெர்லினில் பாக்கின் பெரிய படைப்பான 'மத்தேயு பாஷனை' மறுபடி மேடையேற்றியபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

சரி, யார் நிலைப்பார்கள்? பாபநாசம் சிவன் நிச்சயம். இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸும் நிச்சயம், 1965இல் வந்த 'யெஸ்டர்டே'யை ஒரு கிதாரோடு யார் வேண்டுமானாலும் பாடலாம், உலகமே பாடியும் விட்டது. இளையராஜாவும் நிலைப்பார், ஆனால் அவருடைய பின்னணி இசையை நீங்கள் எவ்வளவு கொண்டாடினாலும் நான் நம்புவது 'ஜனனி ஜனனி'யைத்தான். 1982இல் 'தாய் மூகாம்பிகை' படத்துக்காக வந்த பாட்டு அது, இன்று கொலுவில் பாடுகிற பலருக்கு அது சினிமாப் பாட்டு என்பதே தெரியாது. ரஹ்மானிடமும் அப்படிச் சில உண்டு. ஒலி அமைப்பை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் வாயால் பாடினாலும் 'வெள்ளைப் பூக்கள்' நிற்கிறது. ஒலியை நம்பியே நிற்கிற பாட்டுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் 300 வருஷம் தாண்டுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இரண்டு பேருக்கும் இது பொருந்தும்.

பாடகர்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. எஸ்.பி.பி. குரல் இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது, அது ஒரு பேராக மட்டும் மிஞ்சலாம் என்பதை ஏற்கவே முடியவில்லை.

அப்புறம் உங்கள் மகள் கேட்டது 'பேர்' பற்றி, பாட்டைப் பற்றி இல்லை, அதைக் கவனித்தீர்களா? தியாகராஜர் தன் பேரைப் பாட்டுக்குள்ளேயே முத்திரையாக வைத்தார், சிவன் 'ராமதாசன்' என்று வைத்தார். சினிமாப் பாட்டில் முத்திரை கிடையாது. 'ஜனனி' இருக்கும், அதை வாலி எழுதினார், ராஜா இசையமைத்துப் பாடினார் என்பது உதிர்ந்து போகலாம். அந்த அளவுக்கு உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ரஹ்மானைச் சொன்ன வார்த்தைக்கு முதலில் ஸாரி சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனை அணைத்துவிட்டு உட்காருங்கள், அவள் உங்களுக்கு ஒரு ரஹ்மான் பாட்டைச் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் அவளுக்கு ஒரு ராஜா பாட்டை. எந்தப் பாட்டு பல்லவியைத் தாண்டி இரண்டாவது சரணம் வரை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.