லினக்ஸில் நெட்வொர்க் டிரைவரோடு பேச எந்த வழி? கேள்வி பதில்

கேள்வி: என் நெட்வொர்க் கார்டுக்கு டெவ் டைரக்டரியில் (சாதன ஃபைல்கள் இருக்கும் இடம்) ஃபைலே இல்லையே, எதைத் திறப்பது?

பதில்: இருக்காது, தேட வேண்டாம். நெட்வொர்க் சாதனத்துக்குப் பெயர்தான் அடையாளம், அதுவும் 15 எழுத்துக்குள். சாதாரண சாக்கெட் ஒன்றைத் திறந்து, இஃப்ரெக் (ifreq) ஸ்ட்ரக்சரில் பெயரைப் போட்டு ஐஆக்டல் (ioctl, சாதனத்துக்குக் கட்டளை எண் அனுப்பும் சிஸ்டம் கால்) அழையுங்கள். டிரைவரின் சொந்தக் கட்டளைகளுக்கு 16 எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: ஐஆக்டல் அழைத்ததும் கர்னல் ஊப்ஸ் (கர்னலுக்குள் நேர்ந்த பிழையின் அறிக்கை) வருகிறது. பழைய மெஷினில் ஓடியதே?

பதில்: யூசர் பாயின்டரை, அதாவது புரோகிராம் தந்த மெமரி முகவரியை, டிரைவர் நேரடியாகத் தொடுகிறது. பழைய சிபியுவில் அந்த மெமரிப் பக்கம் (பேஜ்) ராமில் இருந்தால் தப்பிவிடும். ஸ்மாப் (SMAP, யூசர் மெமரியைக் கர்னல் நேரடியாகத் தொடுவதைத் தடுக்கும் வசதி) உள்ள சிபியு உடனே பிடித்துவிடும். காப்பி ஃப்ரம் யூசர் (copy_from_user) ஃபங்ஷன் வழியாக மட்டும் எடுங்கள். ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடித்துக்கொண்டு அந்த ஃபங்ஷனை அழைக்காதீர்கள், அது தூங்கக்கூடும்.

கேள்வி: கர்னலை 5.15க்கு மாற்றியதிலிருந்து என் தனிக் கட்டளைகள் டிரைவருக்கு வருவதில்லை.

பதில்: அவற்றுக்குத் தனி கால்பேக் (கர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) வந்துவிட்டது. என்டிஓ எஸ்ஐஓசி டெவ்பிரைவேட் (ndo_siocdevprivate) என்பதற்கு மாற்றுங்கள்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் நெட்லிங்க் (கர்னலும் புரோகிராமும் சாக்கெட் வழியாகச் செய்தி பரிமாறும் முறை) என்கிறார்கள். 2 எண்ணை அனுப்ப அவ்வளவு கோடா? ஐஆக்டலே போதும்.

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்ட்ரக்சரில் ஒரு பைட், அடுத்து 64 பிட் எண் என்று வையுங்கள். எக்ஸ்86இல் 32 பிட் புரோகிராமுக்கு அது 12 பைட், 64 பிட் கர்னலுக்கு 16 பைட். எண் வேறு இடத்தில் படிக்கப்படும், பிழைச் செய்தியும் வராது. நாளை மூன்றாவது எண் வேண்டுமென்றால் பழைய புரோகிராம்கள் உடையும். நெட்லிங்க்கில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையையும் நீளத்தையும் சுமந்து வருகிறது, புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையது கெடாது. அப்புறம், டிரைவர் தானாக ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால்? ஐஆக்டலில் நீங்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நெட்லிங்க்கில் மல்டிகாஸ்ட் குழு உண்டு, அதில் சேர்ந்த எல்லோருக்கும் செய்தி தானே வரும். ஆனால் வாங்கும் பக்கம் மெதுவாக இருந்தால் செய்திகள் விழும், ‘இனோபஃப்ஸ்’ (ENOBUFS, பஃபர் இடமில்லை) பிழை வரும். அதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கேள்வி: பாக்கெட்டுகளையே வேகமாக மேலே கொண்டுவர?

பதில்: அதற்கு நெட்லிங்க் வேண்டாம். கர்னல் 4.18 முதல் உள்ள ஏஎஃப் எக்ஸ்டிபி (AF_XDP, பாக்கெட்டுகளை வேகமாகப் புரோகிராமுக்குத் தரும் சாக்கெட் வகை) பாருங்கள்.

கேள்வி: ஐஆக்டலில் எனக்கும் ஊப்ஸ் வருகிறது.

பதில்: இரண்டாம் கேள்விதான். காப்பி ஃப்ரம் யூசர்!

கேள்வி: ரிங் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) அளவை மாற்ற என்ன கட்டளை எண் வைக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம், ஈதிடூலில் (ethtool, நெட்வொர்க் கார்டு அமைப்புகளை மாற்றும் கருவி) ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: சரி, என் 2 எண்கள்? எப்போதாவது மாற்றுவேன், அவ்வளவுதான்.

பதில்: அப்படியென்றால் நெட்லிங்க்கும் வேண்டாம், ஐஆக்டலும் வேண்டாம். சிஸ்எஃப்எஸ்ஸில் (sysfs, கர்னல் மதிப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) 2 ஃபைல், ஃபைலுக்கு ஒரு மதிப்பு. ஷெல்லிலிருந்தே எழுதலாம்.