போர்வெல் தண்ணீரும் பழைய காரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2006ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் வரும்போது, நாங்குநேரியைத் தாண்டியதும் வெப்ப ஊசி மேலே ஏறத் தொடங்குகிறது. ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமல் நிறுத்தினால் சிறிது நேரத்தில் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் வீட்டு போர்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது அவசியமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டி நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள மின்விசிறியையோ அதன் ஃபியூஸையோ சந்தேகிக்க வேண்டும். உங்கள் வண்டியில் இது நேர்மாறாக இருக்கிறது. நிற்கும்போது தணிகிறது என்றால் விசிறி தன் வேலையைச் செய்கிறது. வேகமாக ஓடி என்ஜின் அதிக வெப்பத்தை உண்டாக்கும்போது, அதை வெளியேற்றும் திறன் ரேடியேட்டருக்குப் போதவில்லை. உள்ளே உள்ள மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து வழி குறுகியிருப்பதே இதற்கு முதற்காரணமாக இருக்கக்கூடும்.

வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தின் போர்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதன் கடினத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டவுடன் கால்சியம் கார்பனேட்டாக மாறி, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் காண்பது போன்ற வெள்ளைப் படிவமாக உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்புகளோ என்ஜினின் அலுமினியத் தலைப்பகுதியைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. ஒவ்வொரு முறை நீங்கள் போர்த் தண்ணீரை ஊற்றும்போதும் உள்ளே புதிதாகக் கொஞ்சம் உப்பு சேர்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதை வீட்டிலேயே ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். முதல் விதி, என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தை உள்ளே தாங்கி வைத்திருக்கிறது; அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய அந்த நொடியிலேயே கொதித்து, ஆவியும் வெந்நீருமாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆறிய பின் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, பழைய நீரை ஓர் அகன்ற பாத்திரத்தில் பிடியுங்கள். முன்பு எப்போதாவது கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீருடன் கலக்கும் திரவம்) ஊற்றியிருந்தால் அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும் நஞ்சு. தெருவில் கொட்டினால் நாயோ ஆடோ நக்கிவிட்டுச் சாகும். எனவே வாய் மூடிய கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். பிறகு ரேடியேட்டரின் ஹோஸ்களைக் கழற்றி, கீழ்வாயில் குழாயைப் பொருத்தி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீரை விடுங்கள். முதலில் துருநிறத்திலும், அடுத்துச் சுண்ணாம்புத் துகள் கலந்தும் வரும் நீர், தெளிந்து வரும் வரை விடுவது நல்லது. படிவம் தடித்திருந்தால் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஃப்ளஷைப் பயன்படுத்தலாம். வீட்டில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது ரேடியேட்டரையே தின்றுவிடும்.

ஹோஸ்களைக் கழற்றியிருக்கும்போதே ஒவ்வொன்றையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி மீளும். அழுத்தும்போது உள்ளே நெறுநெறுவென்று ஒலித்தாலோ, கிளிப் பிடிக்கும் இடத்தருகில் உப்பியிருந்தாலோ, வளைத்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ அதை மாற்றிவிடுங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது என்றாலும், இத்தகைய பாகங்கள் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

என்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் தனக்குரிய வெப்பநிலையை அடையத் தாமதிக்கும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகரிக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் கழற்றி, அடுப்பில் சூடாகும் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை நெருங்கும்போது வால்வு மெல்லத் திறக்க வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

திரும்ப நிரப்பும்போது பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்று கலந்து ஊற்றுங்கள். இரு வேறு வகைக் கூலன்டுகளைக் கலக்காதீர்கள். மூடியைப் போடாமலேயே என்ஜினை ஓடவிட்டு, காற்றுக்குமிழிகள் அடங்கும் வரை சிறிது சிறிதாக நிரப்பிய பின் மூடுங்கள். குமிழிகள் அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்தது போன்ற நிறம் தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்புண்டு. உங்கள் மெக்கானிக் சொன்ன வேலைக்கு அப்போது சம்மதியுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கார் பெரும்பாலும் வீட்டிலேயே நிற்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்தால் செல்ஃப் சுற்றுவதில்லை. பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மாற்றுவதற்கு முன் டெர்மினல்களைப் பாருங்கள், அம்மா. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவி, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டச் சொல்லுங்கள். ஒரு மல்டிமீட்டரால் அளந்தால் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது. பேட்டரியில் நீர்மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்தியபடியே ஐந்து நிமிடம் ஓடவிடுவது பேட்டரிக்கு எந்த நன்மையும் செய்யாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது. பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடித்தால் துரு வராது என்கிறார்களே?
– வாசகர், உவரி

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய ஆயில், ரப்பராலான சஸ்பென்ஷன் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். மண்ணில் சொட்டி, நீங்கள் குடிக்கும் கிணற்று நீரிலும் கலக்கும்.

கடற்காற்றில் வரும் உப்பு, இரவின் ஈரத்தை ஈர்த்து இரும்பின்மேல் பிடித்துவைக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கரக் குழிகளையும் கழுவுவதே முதல் மருந்து. கதவுகளின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்காகச் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே இற்றுப்போகும். ஓர் ஈர்க்குச்சியால் குத்தி அத்துளைகளைத் திறந்துவிடுங்கள். பழுப்பு நீர் வடிவதை நீங்களே காண்பீர்கள். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரைத்தகட்டை இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலிக்கும் இடத்தில் தகடு மெலிந்திருக்கிறது. அங்கே டிங்கரிங் செய்பவரைக் கொண்டு பழைய தகட்டை வெட்டிப் புதியதை வெல்டிங் செய்யவேண்டும். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்து மறைப்பது, ஜாக்கி வைக்கும் இடத்தில் உயிருக்கே ஆபத்து. துருவைச் சுரண்டி நீக்கி, நன்றாகக் காயவைத்த பிறகே அண்டர்கோட்டிங் (அடிப்பாகத்துக்கான காப்புப் பூச்சு) அடிக்கலாம். துருவின் மேலேயே அடித்தால் அது உள்ளே மறைந்து வளரும்.

கேள்வி: குறைந்த விலைக்கு ஒரு பழைய கார் வருகிறது. அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதி பட்டதை நீங்கள் நேரில் அறிவீர்கள், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அன்று நீரில் நின்ற வண்டிகள் கழுவி, பாலிஷ் போடப்பட்டு விற்பனைக்கு வருவது இயல்பு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தில் வண்டல் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சீட் நகரும் தண்டவாளத்திலும், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகளிலும் சேறோ பச்சைப் பூஞ்சணமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். இணைப்புகள் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்; வயரிங் கோளாறு ஒன்று தீர்ந்தால் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் சொந்த வண்டி என்றேனும் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஆவலில் சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பதிவுச் சான்று முடிய இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். படிவம் 25இல் விண்ணப்பித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். விளக்குகள், ஹாரன், வைப்பர், டயர் ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு அடிக்கடி போகிறேன். மலையிறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல் அமுங்குகிறது. பிரேக் ஆயிலை நானே மாற்றலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 பாகையாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, ஆயிலுக்குள் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும் என்பதால் பெடலும் அமுங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குவதும் இதற்குத் தீர்வு.

நீங்களே மாற்றலாமா என்றால், இதற்கு முன் அனுபவமுள்ள ஒருவருடன் சேர்ந்து செய்திருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் பிளீடிங் திருகைத் திறந்து மூட வேண்டும். மேலே உள்ள டப்பாவில் ஆயில் ஒருமுறை வற்றினாலும் காற்றுப் புகுந்துவிடும். ஆயில் மாற்றிய பின்னும், வண்டி நிற்கும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது மெல்லக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் மாஸ்டர் சிலிண்டரிலோ வீல் சிலிண்டரிலோ கசிவு இருக்கிறது. அந்த நிலையில் வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.