ஸ்பிரிங்டெயில் எந்தச் சாதி என்று உடம்பைப் பார்த்தே சொல்லலாமா?

பூந்தொட்டி மண்ணில் துள்ளுவது ஸ்பிரிங்டெயில் (கவட்டு வாலால் எகிறும் பொடி மண்ணுயிர்) என்று தெரிகிறது, எந்தப் பேரினம் (genus) என்று உடலமைப்பை வைத்துச் சொல்ல முடியுமா, போன் கேமரா போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேரினம் என்று எழுதியிருப்பதால் தமிழ்நாட்டில் படித்தவர் என்று நினைக்கிறேன். எங்கள் இலங்கைப் பாடத்தில் அதற்குச் சாதி என்று பெயர், இரண்டு படி மேலே வருணம் (order) வேறு இருக்கிறது. "இதன் சாதியைக் கண்டுபிடிக்கணும்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னதற்கு, "பூச்சியிலயுமா பார்க்கிறீங்க?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

முடியும், ஆனால் எல்லாவற்றிலும் முடியாது. போன் மட்டும் போதாது. இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2022இல் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தவறணையை (கன்று வளர்க்கும் நாற்றங்காலை) பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கன்றுப் பைகளுக்குத் தண்ணீர் தெளித்தால் மண்ணின் மேலே பொடிப்பொடியாகத் துள்ளும். சின்னத்துரை (தோட்டத்தின் உதவி மேலாளர்) பார்த்துவிட்டு, தெள்ளு மாதிரி இருக்கிறதே, மருந்து அடி என்றார். அங்கே இருபது வருடமாக வேலை செய்யும் அக்கா, "தம்பி, இது கன்றத் திங்காது, எப்பவும் இருக்கிறதுதான்" என்றார். நானும் அதையே சொன்னேன். சின்னத்துரை போனில் தேடிப் பார்த்துவிட்டு, அவுஸ்திரேலியாவில் பயிரைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் இருக்கிறதாமே, இது அது இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

அதற்கான பதில் உண்மையில் சுலபம். அவர் சொன்னது ஸ்மிந்துரஸ் விரிடிஸ், உருண்டை உடம்பு, துண்டங்கள் பிரிந்தே தெரியாது. எங்கள் பையில் இருந்தது நீள உடம்பு, வயிற்றுத் துண்டங்களை எண்ணலாம். பத்து மடங்கு கைலென்ஸிலேயே தெரியும் வித்தியாசம். அன்றைக்கு அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் பெயரையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வெறி.

பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக வைத்து, உள்ளே வலைத்துணி போட்டு மண்ணையும் சருகையும் நிரப்பி, மேலே நாற்பது வாட் பல்ப், கீழே எழுபது வீத அற்ககோல். வெளிச்சத்துக்கும் மண் காய்வதற்கும் பயந்து உயிரெல்லாம் கீழே இறங்கி விழும். ஆனால் அந்த வருடம் மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. பாதி நாள் பல்ப் எரியவில்லை, மண்ணும் காயவில்லை. ஒரு வழியாகப் பதினொரு பூச்சி விழுந்தது. (பூச்சி என்று எழுதியதற்கு யாராவது வருவீர்கள். ஆறு கால் இருந்தாலும் வாயுறுப்பு தலைக்குள் ஒளிந்திருப்பதால் இப்போது தனி வகுப்பாக வைக்கிறார்கள், தெரியும்.)

நுணுக்குக்காட்டியில் (மைக்ரோஸ்கோப்பில்) பார்த்தால், நான்காம் வயிற்றுத் துண்டம் மூன்றாவதைவிட மூன்று நான்கு மடங்கு நீளம். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் ஐசொடோமிடே குடும்பம், இப்படி நீண்டிருந்தால் என்டொமோபிரையிடே என்று படித்திருந்தேன். உடம்பில் மயிர்தான், செதில் இல்லை. செதில் இல்லாததால் என்டொமோபிரையா என்ற சாதி என்று முடிவு செய்தேன். சின்னத்துரைக்கும் சொல்லி, கொழும்பில் மண்ணுயிர்கள் பற்றித் தெரிந்த ஒருவருக்கும் பெருமையாக எழுதி அனுப்பினேன். ஒரே வரிப் பதில்: "உயிரோடு இருக்கும்போது மினுங்கியதா?"

மினுங்கியது! வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளியும் ஊதாவும் கலந்து, மீன் தோல் மாதிரி. நான் அதை ஈரம் என்று நினைத்துவிட்டேன். அது செதில். அற்ககோலில் போட்டுக் குலுக்கியதிலும் தூரிகையால் புரட்டியதிலும் எல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அற்ககோல் இருந்த பாத்திரத்தின் அடியில் மாவு மாதிரிப் படிந்திருந்ததில் ஒரு சொட்டை வழுக்கியில் (கண்ணாடி ஸ்லைடில்) வைத்தால், மெல்லிய கோடு போட்ட தட்டுகள். மார்பின் இரண்டாம் துண்டம் தலைக்கு மேல் முக்காடு மாதிரி முன்னே வந்திருந்தது, அதையும் நான் கவனிக்கவில்லை. துள்ளும் கவட்டு வாலின் நுனியில் இரண்டு பல். ஒரே பல்லாக அரிவாள் போல வளைந்திருந்தால் சைரா என்ற இன்னொரு செதிலுள்ள சாதி என்று யோசித்திருக்கலாம். ஆக சாதி லெபிடொசிர்ட்டஸ். சின்னத்துரையிடம் போய் மாற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை எழுத விருப்பமில்லை. மருந்து அடிக்கவில்லை, அதுவரை சரி.

உங்கள் தொட்டியில் இருப்பது வெள்ளையாக, கண்ணே இல்லாமல் இருந்தால் இரண்டு சந்தேகம். தொட்டால் துள்ளுகிறதா, வயிற்றின் கடைசி மூன்று துண்டமும் ஒட்டி ஒன்றாக இருக்கிறதா, அப்படியானால் ஃபொல்சொமியா என்ற சாதியாக இருக்கலாம். துள்ளவே இல்லை, கவட்டு வாலே காணோம் என்றால் ஒனிகியூரிடே குடும்பத்தின் பக்கம் போங்கள், அதற்குமேல் தோலில் உள்ள பொய்க்கண்களை (துளை போன்ற நுண்ணிய அடையாளங்களை) எண்ண வேண்டும், அது வீட்டில் நடக்காது. நிறத்தை நம்பவே வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் இணைக்கவர்ச்சுட்டிகளில் (இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தேர்ந்து பெயருக்குப் போகும் பட்டியல்களில்) நிறைய ஐரோப்பாவுக்கு எழுதினவை, நம் மண்ணில் உள்ள சாதி அதில் இல்லாவிட்டாலும் எங்கேயாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நான் விஞ்ஞானி இல்லை, பிழை இருந்தால் திருத்துங்கள், திட்ட வேண்டாம்.

ஏன் முறையாகப் படிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: நான் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்கு உயிரியல் கிடையாது. ஆசிரியர் இல்லை. கலை எடு, இல்லையென்றால் வர்த்தகம் எடு என்றார்கள். ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது, அலுமாரிக்குள், பூட்டோடு. பரிசளிப்பு விழா அன்று வெளியே எடுத்து மேசையில் வைப்பார்கள், துணி போர்த்தி. முப்பத்தைந்து வயதில் சம்பளத்தை மிச்சம்பிடித்துப் பழைய ஒன்றை வாங்கித்தான் முதன்முதலில் குனிந்து பார்த்தேன். நகரத்துப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் பார்த்ததை. சரி, கேள்விக்கு வெளியே போய்விட்டேன்.

அடுத்த தடவை படம் போடும்போது முதலில் உயிரோடு, வெளிச்சத்தைச் சாய்த்து ஒன்று எடுங்கள். அப்புறம் அற்ககோலில் போட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றுத் துண்டங்களும் கவட்டு வாலும் தெரிகிற மாதிரி ஒன்று. உணர்கொம்பு முழுதாக இருக்க வேண்டும், நுனி ஒடிந்திருந்தால் துண்டங்களின் எண்ணிக்கை தப்பிவிடும். மேலேயிருந்து எடுத்த ஒரே படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்டால் நான் பதில் எழுத மாட்டேன்.