அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரின் நன்கொடைப் பட்டியலில் கம்பெனி பெயர் ஏன் வருகிறது?

கம்பெனி தன் கஜானாவிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தர 1907-லேயே சட்டம் தடை போட்டுவிட்டது. அப்புறம் பெயர் எப்படி வருகிறது? ஒரு தேர்தல் சுற்றில் 200 டாலருக்கு மேல் தருபவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதை வேட்பாளர் தரப்பு கணக்கில் காட்ட வேண்டும். எந்தத் துறை அந்த வேட்பாளரை ஆதரிக்கிறது என்று வாக்காளர் ஊகிக்கத்தான் இது. ஒரே இடத்து ஊழியர்கள் தந்ததையும், அவர்களிடம் வசூலிக்கும் 'பேக்' என்ற நிதிக் குழு தந்ததையும் கூட்டி, பட்டியலைத் தொகுப்பவர்கள் கம்பெனி பெயரில் எழுதுகிறார்கள். (பேக்குக்கு வரம்பு உண்டு: பெரும்பாலும் ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர். வரம்பில்லாமல் செலவழிக்கும் 'சூப்பர் பேக்' தனிக் கதை.) பிள்ளைகள் தனித்தனியாகப் போட்ட காசை 'ஏழாம் வகுப்பு தந்தது' என்று குறிப்பது போலத்தான்.

பட்டியலில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தால், அதுவே பணம் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள்; கொடுத்தது அங்கே சம்பளம் வாங்குபவர்கள்.