உத்வேகம் பாண்டிச்சேரியிலா இருக்கிறது?

கேள்வி: அக்கா, எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து முடித்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மிஸ். காசிமேட்டில் ஒரே அறை வீடு, அம்மா மீன் வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா ஏலத்துக்குக் கிளம்பும்போது லைட்டைப் போடுவார், அதோடு என் தூக்கம் போகும். ஆயில் பெயின்ட்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருடமாக ஒரு படம்கூட முடிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் பெங்களூர், பரோடா என்று போய்விட்டார்கள். ஒரு கேலரிக்காரர், "வட சென்னையை வரையுங்கள், இப்போது அதற்குத்தான் மார்க்கெட்" என்றார். மீன் கவுச்சியையும் கன்டெய்னர் லாரியையும் விட்டால் இங்கே வரைய என்ன இருக்கிறது? வேலையை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் ஆறு மாதம் இருந்தால் உத்வேகம் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வழக்கமான புலம்பல் என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள், இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு நாலாவது வருகிறது. இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அந்த மூன்று மணி லைட்டில் நின்றுவிட்டேன். அது ட்யூப் லைட்டா, குண்டு பல்பா? அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனியும்போது நிழல் எங்கே விழுகிறது, சுவரிலா, தூங்குகிற தம்பி மேலேயா? வெளியே இருட்டு, உள்ளே ஒரே ஒரு விளக்கு, அதைப் பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற ஒரு ஓவியர். இதைப் புகாராக எழுதி அனுப்பிவிட்டு, வரைய என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்களே!

வான்கோ 1885இல் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தைக் கல்லூரியில் ஸ்லைடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதிலும் ஒரே விளக்குதான், அதற்குக் கீழே ஒரு ஏழை விவசாயக் குடும்பம். அந்தப் படத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஊர்க்காரர்களின் முகங்களை மட்டும் நாற்பது போல வரைந்து தள்ளியிருக்கிறார் மனிதர். அப்புறமும் முகங்களின் நிறம் சரியாக வரவில்லை என்று மறுபடி பூசி, கடைசியில் மண் ஒட்டிய, தோல் உரிக்காத உருளைக்கிழங்கின் நிறத்துக்குக் கொண்டுவந்ததாகத் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதுகிறார். அவர்கள் சாப்பிடுகிற தட்டிலிருந்தே நிறத்தை எடுத்திருக்கிறார், பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரி. அப்பா போர்டு எழுதுகிறவர். கடைப் பெயர்ப் பலகை, சுவர் விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னமும். பிளெக்ஸ் வந்ததும் வேலை குறைந்தது, அப்புறம் நின்றேபோனது, பிரஷ்கள் மண்ணெண்ணெய் டப்பாவிலேயே காய்ந்தன. அப்பா போன பிறகு எனக்கும் மூன்று வருடம் கை ஓடவில்லை. எல்லாரும் சொன்னார்கள் என்று கையில் இருந்த காசையெல்லாம் போட்டுக் கேரளா போனேன், பத்து நாள். பச்சையாக இருந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால் அத்தனையும் காலண்டர் படம்.

வந்த மறுநாள் எங்கள் தெருவில் தண்ணி லாரிக்குக் குடம் வரிசை. உங்களுக்குத் தெரியாததா, ஆளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும், பச்சை, ஊதா, ஆரஞ்சு, நடுநடுவே யாரோ இடம் பிடித்துப் போட்ட ஒரு செங்கல். வேறு ஒன்றும் தோன்றாததால் அதை வரைந்தேன். அடுத்த லாரிக்கும் வரைந்தேன். பார்க்கச் சகிக்காத படங்கள், கலர் பென்சிலில் ஒரு பிளாஸ்டிக் கடை. பதினாறோ பதினேழோ வரையும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: மாறிவிடக் கூடாது என்று குடங்களின் மேல் பெயின்ட்டால் இனிஷியல் எழுதியிருப்பார்கள் இல்லையா, அதில் ஒரு பழைய குடத்தில் இருந்த 'கோ'வின் இரட்டைக்கொம்பு அப்பாவின் கை. அந்த வால் சுழிப்பை அவர் மட்டும்தான் அப்படிப் போடுவார். அப்புறம் தேடிப் பார்த்தால் தெருவில் ஏழு எட்டுக் குடத்தில் அப்பா இருந்தார். எத்தனை வருடம் அந்தக் குடங்களைத் தாண்டி நடந்திருக்கிறேன்! அந்தத் தொடர் வேலை பிறகு எனக்கு இரண்டு வருடம் ஓடியது. பதினைந்தாவது படத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்தக் கேலரிக்காரர் விஷயம். அவர் கேட்கிற வட சென்னை எனக்கும் தெரியும்: ஒரு குத்துச்சண்டை, ஒரு கேரம் போர்டு, ஒரு கானா பாடகர், பின்னணியில் எண்ணூர்ப் புகைபோக்கி. படம் அவர் பாக்கெட்டில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, உங்களை வைத்துப் பிரின்ட் எடுக்கப் பார்க்கிறார். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் வீட்டு மொட்டை மாடியில் சாம்பல் படிகிறது. அதை அழகான சாம்பல் நிற மேகமாக வரைந்து கொடுக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். அதற்காக மீனே வரைய மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் ஊர் மீனை அவருக்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மீனை எடுத்துக்கொண்டால், ஒரு கானாங்கெளுத்தியை வெள்ளிப் பெயின்ட் தொடாமல் வரைந்து பாருங்கள். வெள்ளி என்று ஒரு நிறமே அங்கே இல்லை, முதுகில் பச்சை கலந்த நீலம், வயிற்றில் மேலே கட்டியிருக்கிற தார்ப்பாயின் நிறம், நடுவே கொஞ்சம் ரோஸ், எல்லாவற்றையும் பிடித்துவைக்க ஒரு சாம்பல். தார்ப்பாய் மாறினால் மீன் மாறும். சங்கரா வேறு கதை, ஐஸில் நேரம் ஆக ஆக அதன் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும், உங்கள் அம்மா அதை வைத்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார், கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே பிடித்து வந்த கடம்பா (கணவாய் வகை) கிடைத்தால் விடாதீர்கள்: அதன் தோலில் இருக்கிற புள்ளிகள் செத்த பிறகும் கொஞ்ச நேரம் விரிந்து சுருங்கும், நிறம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த ஆர்ட் ஸ்கூலும் இதைச் சொல்லித் தராது. தவிர, கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் படகுகள் எல்லாம் வெளிச்சத்துக்கு முன்னால் கருப்பாக நிற்கும், கொடியும் கயிறும்கூட வெறும் கோடு. அதே படகு சாயங்காலம் வெயிலை நேராக வாங்கிக்கொண்டு பெயர், பெயின்ட் உரிந்த இடம், ஒட்டுப் போட்ட பலகை எல்லாவற்றையும் காட்டிவிடும். ஒரே படகு, இரண்டு படம்.

ஹார்பரில் தனியாக நின்று வரைவது கஷ்டம்தான், "யக்கா, என்னையும் போடு" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அம்மா கூடவே போய் அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள், கையகல நோட்டு, ஒரு பால் பாயின்ட் பேனா போதும். படம் வைத்து வரைகிற ஈசல் ஸ்டாண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். இன்னொன்று, ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் உட்கார்ந்து மேகங்களை வரைந்தபோது இதைத்தான் செய்தார். வானத்தை மட்டும், அதுவும் தன் வீட்டைச் சுற்றி இருந்த வானத்தை. நேரத்தை எழுத ஆரம்பித்தால் "இன்று மூடு இல்லை" என்று சொல்ல வாய் வராது, ஏனென்றால் ஐந்தே முக்கால் வெளிச்சம் உங்கள் மூடுக்காகக் காத்திருக்காது.

பள்ளி வேலையை விட வேண்டாம். சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை, சம்பளத்துக்காகவும்தான். உங்கள் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' தொடர் 1963 வாக்கில் தொடங்கியது ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகப் பக்கத்திலிருந்து. எண்ணும் எழுத்தும் வடிவங்களும் கலந்து கிடந்த ஒரு சாதாரணப் பக்கம். உங்கள் மேஜைக்கு வாரத்துக்கு எத்தனை நோட்டு வருகிறது? ஓரத்தில் பிள்ளைகள் கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிக்கச் சொல்கிற மிஸ்ஸாக மட்டும் இருந்துவிடாதீர்கள். அதே பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது படம் விற்ற காசை நம்பி இறங்கவில்லை. பாதிக் (துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள், அதில் சோறும் நடந்தது, ஓவியமும் நடந்தது. நீங்கள் டிராயிங் கிளாஸ் எடுப்பதும் அந்த வகைதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டர்பன்டைனை மூட்டை கட்டுங்கள். ஒரே அறையில் தம்பியை வைத்துக்கொண்டு ஆயில் எதற்கு? போஸ்டர் கலர் இல்லையென்றால் அக்ரிலிக், தண்ணீர் போதும், வாசனை பெரிதாக இருக்காது. ஆயில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே ஓவியர்களுக்கு ஸ்டுடியோ உண்டு, நேரில் போய் விசாரியுங்கள்.

பாண்டிச்சேரிக்கும் போய் வாருங்கள், யார் வேண்டாம் என்றது, ஒரு சனி ஞாயிறு, பீச் ரோட்டில் நடந்துவிட்டு நல்ல காபி குடித்துவிட்டு வரலாம். ஆறு மாதம் எல்லாம் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டிய நேரத்தைக் கடலே கொடுக்கிறதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும், வலையைப் பிரித்துப் போட்டுத் தைப்பார்கள், படகுகளைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள், உங்களுக்குப் போஸ் கொடுக்கிற மாதிரி அசையாமல் நிற்கும். மே மாதம் பள்ளி லீவும் சேர்ந்துகொள்கிறது. அம்மாவுக்குச் சின்னப் படகு மீன் மட்டும்தான், வருமானம் குறைகிற காலம், வீட்டில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும், தெரியும். ஆனால் மதியத்தில் அவர் சும்மா உட்கார்கிற ஒரே காலமும் அதுதான். உட்கார வைத்து வரையுங்கள். "வேற வேலை இல்லியா உனக்கு" என்பார், பரவாயில்லை, திட்டுகிற முகத்தையும் போடுங்கள். அதுவரைக்கும் அந்த மூன்று மணி லைட்டுக்கு எழுந்தால் மறுபடி படுக்காமல் பத்து நிமிடம் பேனாவை எடுங்கள். நாற்பது தாள் சேர்ந்ததும் எனக்கு ஒரு கட்டு அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் மணி எழுதியிருக்க வேண்டும், ம்மா.