முதல் இரண்டு குழாயில் திரளவில்லை என்றால் விடால் நெகட்டிவா?

வணக்கம். டைபாய்டுக்கான விடால் சோதனையில் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 1:20, 1:40 என்று நீர்க்கச் செய்த குழாய்கள் தெளிவாக நெகட்டிவ், ஆனால் 1:80 முதல் 1:320 வரை நன்றாகத் திரண்டிருக்கிறது, சீரம் ஊற்றாமல் விட்டுவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். விட்டிருக்க முடியாது. ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்துத்தானே அடுத்ததில் ஊற்றினீர்கள்? முதல் குழாயில் சீரம் இல்லையென்றால் கடைசிவரை எதிலும் இருந்திருக்காது.

இது பெரும்பாலும் புரோசோன், அதாவது ஆன்டிபாடி மிகுந்துபோனதால் திரளாமல் போவது. ஒரு ஐஜிஜி ஆன்டிபாடிக்கு இரண்டு கை. இரண்டும் வேறு வேறு கிருமியைப் பிடித்தால்தான் திரளும். ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக மொய்த்துவிடும், மறுகை பிடிக்கப் பக்கத்துக் கிருமியில் இடமே இருக்காது. நீர்க்க நீர்க்கத்தான் பாலம் விழும். புருசெல்லா என்ற கிருமிக்கான சோதனையில் இது இன்னும் சகஜம். சீரத்தை நீர்க்காமல் ஸ்லைடில் மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பீர்கள்.

டைட்டர் என்பது திரட்சி தெரிகிற கடைசிக் குழாய். ஆகவே உங்களுடையது 1:320. ஆனால் ரிப்போர்ட் எழுதுமுன் சலைன் கன்ட்ரோல் குழாயை (சீரம் இல்லாமல் உப்புநீரும் ஆன்டிஜனும் மட்டும் உள்ளது) பாருங்கள். அதிலும் திரண்டிருந்தால் ஆன்டிஜனே, அதாவது சோதனைக்கு ஊற்றும் கிருமிக் கலவையே, கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுப் பாட்டிலில் தொடங்குங்கள். கருப்புப் பின்னணியில், குலுக்காமல் பாருங்கள்: 'எச்' ஆன்டிஜன் (கிருமியின் வால் பகுதி) பஞ்சுபோல் மிதக்கும், 'ஓ' ஆன்டிஜன் (கிருமியின் உடல் பகுதி) சுண்ணாம்புப் பொடிபோல் அடியில் படரும். நான் படிக்கும்போது குலுக்கிவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று, காய்ச்சல் முதல் வாரத்தில் இருந்தால் விடாலை நம்பாதீர்கள். ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.