பைத்தான் நிரல்மொழியில் தசம எண்ணை எழுத்துச் சரமாக மாற்றும்போது இலக்கங்களுக்குப் பதிலாக ஒரு சொல் வருவது ஏன்?

பைத்தானில் ஃப்ளோட் எனும் தசம எண் வகை மதிப்பை எழுத்துச் சரமாக மாற்றினால், சில வேளைகளில் ‘ஐஎன்எஃப்’ அல்லது ‘என்ஏஎன்’ என்ற சிற்றெழுத்துச் சொல்லே கிடைக்கும். முதலாவது முடிவிலி; 10-இன் 308ஆம் அடுக்கை மீண்டும் பத்தால் பெருக்குவது போல, கொள்ளளவை மீறும் தசமக் கணக்குகளில் அது பிறக்கிறது. இரண்டாவது, ‘எண் அன்று’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம்; அது முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிப்பது போன்ற, விடையை வரையறுக்கவே முடியாத கணக்கின் அடையாளம்.

ஃப்ளோட் எண்ணின் 64 பிட்டுகளில் (0 அல்லது 1 ஆன இலக்கங்களில்) 11 பிட்டுகள் அடுக்கைக் குறிக்கின்றன. கணினியில் தசம எண்களைக் குறிக்கும் முறையை வகுக்கும் ஐஇஇஇ 754 தரப்படி அவை அனைத்தும் 1 ஆக இருந்தால், பின்னப் பகுதி முழுவதும் 0 எனில் அது முடிவிலி, இல்லையெனில் என்ஏஎன். எழுதிக்காட்ட இலக்கமே இல்லாததால் மொழி ஒரு சொல்லை வைக்கிறது. அச்சொல்லும் மொழிக்கு மொழி மாறும்: ஜாவாஸ்கிரிப்ட் ‘இன்ஃபினிட்டி’ என்று முழுமையாக எழுதும், ஆனால் எதிர்க்குறிச் சுழியத்தை வெறும் ‘0’ ஆக்கிவிடும். ‘-0.0’ என்றே காட்டும் பைத்தானின் வழக்கம் இதைவிட நேர்மையானது.

என்ஏஎன்னுக்கு ஓர் ஒப்புமை: மதிப்பெண் பட்டியலில் தேர்வு எழுதாதவரின் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று குறிப்பார்கள். அது சுழியமும் அன்று, அவ்வாறு குறிக்கப்பட்ட இருவர் சம மதிப்பெண் பெற்றவர்களும் அல்லர்.

இரண்டு ‘என்ஏஎன்’ சரங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்பதால் அவற்றின் மூல மதிப்புகளும் சமம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் எண்ணாக ஒப்பிடும்போது என்ஏஎன் தனக்குத் தானே கூடச் சமமாகாது.